பெஸ்டல் பெட்டி நம் கைக்கு வந்த கதை



நிறங்களுக்குச் செலவழிப்பதை வீண்செலவாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைக்கு என்றால், "பரீட்சைக்குத் தேவையான 12 நிறம் போதும்" என்கிறோம். வளர்ந்த ஒருவர் ஆசைக்கு வோட்டர் கலர், பெஸ்டல், நிறப் பென்சில் என்று வாங்கிச் சேர்த்தால், "இன்னும் சின்னப் பிள்ளையா?" என்ற சிரிப்பு. ஆசிரியர்களாகிய நம்மிலும் அப்படிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அலுமாரியின் ஒரு தட்டு முழுக்க நிறப்பெட்டிகள். விடுமுறையில் ஒவ்வொன்றாகத் திறந்து, தாளில் கோடு போட்டுப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஆனால் அந்தப் பெட்டி சாதாரண மனிதர் கைக்கு வந்துசேர எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்று நாம் யோசிப்பதில்லை. இன்று அந்தக் கதையைப் பார்ப்போம்.

முதலில் நீலம். ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில் பதக்‌ஷான் மலைப்பகுதி. அங்குள்ள சரே சங் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரு நீலக்கல் வெட்டப்படுகிறது. பாரசீகத்திலும் அரபியிலும் அதன் பெயர் லாஸவர்த். வான்நீலத்தைக் குறிக்கும் 'அஷுர்' என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்துதான் பிறந்தது. கல்லை வெறுமனே இடித்தால் சாம்பல் கலந்த தூள்தான் கிடைக்கும். மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, காரநீரில் திரும்பத் திரும்பக் கசக்கினால்தான் நல்ல நீலம் பிரியும். பாரசீக, முகலாய நுண்ணோவியங்களிலும், முஸ்ஹஃப் பிரதிகளின் அலங்காரங்களிலும் பொன்னோடு சேர்ந்து மின்னுவது இந்த நீலம்தான். ஐரோப்பாவுக்கு அது கடல் கடந்து போனது. அதனால் 'கடலுக்கு அப்பால்' என்ற பொருளில் அல்ட்ராமரின் என்று பெயர் வைத்தார்கள். ஓவியம் வரையச் சொல்லும் செல்வந்தர், எந்தத் தர நீலம் பூசவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பார். அந்த அளவுக்கு விலை.

அடுத்தது சிவப்பு. மத்தியதரைக் கடலோர ஓக் மரங்களில் வாழும் ஒரு பூச்சியை அரபியில் கிர்மிஸ் என்பார்கள். 'கிரிம்சன்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. பின்னர் மெக்சிகோவின் கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சி ஸ்பானியர் வழியாக உலகச் சந்தைக்கு வந்தது. ஓர் இறாத்தல் சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவைப்பட்டன. உணவுப் பொதிகளில் ஹலால் பார்க்கும்போது நாம் தேடும் 'ஈ 120' இந்தச் சாயம்தான்.

மலையை வெட்ட வேண்டும், பூச்சியைப் பொறுக்க வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட நிறம் ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கு எப்படி வரும்?

இதை முதலில் மாற்றியது இரசாயனம். 1706 அளவில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயத் தயாரிப்பாளர் சிவப்புச் செய்ய முயன்றபோது, கலப்படமான பொட்டாஷால் தற்செயலாக ஆழ்ந்த நீலம் ஒன்று கிடைத்தது. அதுதான் பிரஷ்ய நீலம். 1824இல் பிரான்சில், மலிவான செயற்கை அல்ட்ராமரினைச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தார்கள். கீமே என்பவர் 1828இல் அதை வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் இட்டு எடுத்த நீலம் அது. பின்னர் அது எவ்வளவு மலிந்தது தெரியுமா? பிள்ளைகளின் பாடசாலை வெள்ளை உடுப்புக்கு நம் உம்மாமார் போட்டுவந்த நீலத்தூளில் பரவலாகச் சேர்க்கப்பட்டது இதே அல்ட்ராமரின்தான். அரசர்களின் ஓவிய நிறம் சலவை வாளிக்குள் வந்துவிட்டது.

இரண்டாவது மாற்றம், நிறத்தை எடுத்துச்செல்லும் வழி. லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் வோட்டர் கலரைச் சிறு கட்டிகளாகச் செய்தார்கள். 1781இல் கலைகள் சங்கம் அதற்கு வெள்ளிப் பரிசு கொடுத்தது. ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் போதும், நிறம் தயார். எண்ணெய் வர்ணத்தை அக்கால ஓவியர்கள் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் பிறகு காய்ந்துவிடும். 1841இல் ஜோன் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுத்து மூடிவைக்கக்கூடிய தகர ரியூப்புக்குக் காப்புரிமை பெற்றார். அரைத்துக் குழைக்க உதவியாள் வேண்டியதில்லை. ஓவியம் தொழிலாக இல்லாதவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வரையலாம். பொழுதுபோக்கு ஓவியர்கள் பெருகியது இப்படித்தான்.

இதில் ஆபத்தும் இருந்தது. 1775இல் ஷீலே கண்டுபிடித்த அழகிய பச்சையில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்தது. அது சுவர்க் காகிதத்திலும் விளையாட்டுப் பொருட்களிலும்கூடப் பூசப்பட்டது. வெள்ளை நிறத்தில் ஈயம். இன்று பெட்டியில் 'நச்சற்றது' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு வாங்கும்போது, விலையைப் பார்க்க முன்னர் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள்.

மூன்றாவது மாற்றம்தான் ஆசிரியர்களாகிய நமக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் பின்னி அன்ட் ஸ்மித் என்ற கம்பனி பாடசாலைகளுக்குக் கற்பலகைப் பென்சிலும் தூசில்லா வெண்கட்டியும் விற்றுவந்தது. வகுப்பறைகளில் நல்ல, மலிவான நிறக்குச்சி இல்லை என்று கண்டு, 1903இல் எட்டு நிறங்கள் கொண்ட மெழுகுக் குச்சிப் பெட்டியை 5 சதத்துக்குக் கொண்டுவந்தது. 'கிரயோலா' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அலிஸ் பின்னி. அவர் முன்பு ஆசிரியையாக இருந்தவர்.

ஜப்பானில் அக்காலத்துச் சித்திரப் பாடம் என்றால் மாதிரியைப் பார்த்து அப்படியே வரைவதுதான். கனே யமமோட்டோ என்ற ஓவியர் இதை எதிர்த்து, பிள்ளைகள் தாம் கண்டதைச் சுதந்திரமாக வரையட்டும் என்றார். அதில் ஈர்க்கப்பட்ட ரின்ஸோ சதாக்கே, அவருடைய மைத்துனர் ஷுக்கு ஸஸாக்கி என்ற இரு ஆசிரியர்கள் 1921இல் கிரயோன் செய்யும் கம்பனியொன்றைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அங்கிருந்து பிறந்ததுதான் எண்ணெய் பெஸ்டல். நம் பிள்ளைகள் விரலெல்லாம் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்களே, அதேதான். பிள்ளைகளுக்காகச் செய்த இந்தப் பொருளைப் பெரிய ஓவியர்களும் விரும்பினார்கள். 1940களின் இறுதியில் பிக்காசோவும் அவருடைய ஓவிய நண்பர் ஒருவரும் கேட்டுக்கொண்டதால், பாரிஸின் செனலியே கடை ஓவியர்களுக்கென்றே உயர்தரப் பெஸ்டல் செய்தது. ஆகவே பெஸ்டல் சேர்க்கும் பெரியவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

பெட்டிக்குள் இருக்கும் பெயர்களுக்கும் வரலாறு உண்டு. கிரயோலாவில் இளஞ்சிவப்புக் கலந்த ஒரு நிறத்துக்குச் 'சதை நிறம்' என்று பெயர் இருந்தது. கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் நடந்த காலத்தில், 1962இல், அது 'பீச்' என்று மாற்றப்பட்டது. 1958இல் 'பிரஷ்ய நீலம்' என்ற பெயரும், 1999இல் 'இந்தியச் சிவப்பு' என்ற பெயரும் ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டதால் மாறின. 2020இல் 24 தோல் நிறங்களோடு தனிப் பெட்டியே வந்தது. ஆனாலும் நம் வகுப்பறைகளில் இன்றும், "ஸ்கின் கலரைத் தாங்க" என்று கேட்கும் பிள்ளை நீட்டிக் காட்டுவது அந்த வெளிர் நிறத்தைத்தான். கேட்கும் பிள்ளையின் கையோ அழகான மண்ணிறம். "உன் கையை வைத்துப் பார், எந்தக் குச்சி பொருந்துகிறது?" என்று நாம் கேட்டால், அது ஒரு பாடவேளைக்குப் போதுமான பாடம்.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நெருக்கடியில் கொப்பி, பென்சில் விலையோடு நிறப்பெட்டியின் விலையும் ஏறியது. பல வீடுகளில் முதலில் வெட்டப்பட்ட செலவு அதுதான். பாடசாலையிலும் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளை. மலையிலும் கப்பலிலும் அரண்மனையிலும் இருந்த நிறத்தை இரசாயனமும் ஆசிரியர்களும் சேர்ந்து பிள்ளையின் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அதை மீண்டும் வசதியுள்ளவர்களின் பொருளாக்கிவிடக் கூடாது.

பெரிய செலவு தேவையில்லை. வகுப்பு மூலையில் ஒரு பிஸ்கட் டின் வைப்போம். வீடுகளில் கிடக்கும் உடைந்த பெஸ்டல் துண்டுகளையும் கட்டையான நிறப் பென்சில்களையும் அதில் போடச் சொல்வோம். யாருக்குத் தேவையோ அவர் எடுக்கட்டும். நிறம் சேர்க்கும் பெரியவர்களே, "அழகு கெட்டுவிடும்" என்று திறக்காமல் வைத்திருக்கும் பெட்டிகளையும் திறவுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு திறந்தால் இன்னும் நல்லது.