பாலைநிலத்தின் கீழ் ஒரு மாளிகை

பாலைநிலம் என்றதும் வெயிலும் வறட்சியுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நியூ மெக்சிகோ மாநிலத்தில், சிவாவாப் பாலைநிலத்தின் அடியிலே, குளிர்ச்சி குன்றாத கல் மண்டபங்கள் பல உள்ளன. கார்ல்ஸ்பாட் குகைகள் என்பன அவையே. அவற்றுள் பெரிய மண்டபம் ஒன்றே எட்டு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது.

இற்றைக்கு 26 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலுயிர்கள் எழுப்பிய சுண்ணாம்புத் திட்டே பிற்காலத்தில் மலையாக உயர்ந்தது. உலகின் பெரும்பாலான குகைகளை மழைநீர் அரித்து உண்டாக்கியது. இங்கேயோ, எண்ணெய்ப் படுகைகளிலிருந்து எழுந்த கந்தகம் கலந்த வாயு, நிலத்தடி நீரிற் கூடி அமிலமாகிப் பாறையைக் கரைத்தது. அதன் பின்னரே நீர்த்துளிகள் சொட்டுச் சொட்டாய் இறங்கித் தூண்களையும் தொங்கல்களையும் வடித்தன.

குகைவாயிலுக்கு அருகே பழங்குடியினர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் காணப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாலை வேளையில் புகைபோல் எழுந்த வௌவால் திரளைக் கண்டு, ஜிம் ஒயிட் என்னும் மாடு மேய்க்கும் இளைஞர் உள்ளே புகுந்தார். ஆயினும், மக்கள் முதலில் நாடியது குகையின் அழகை அன்று, வௌவால் எச்சத்தையே! அது கலிபோர்னியப் பழத்தோட்டங்களுக்கு உரமாகச் சென்றது. எச்சம் ஏற்றிய வாளியிலேயே முதற் பார்வையாளரும் குகைக்குள் இறக்கப்பட்டனர். 1923இல் ஜனாதிபதி கூலிட்ஜ் இக்குகையைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 1930இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

சட்டம் வந்ததனால் மட்டும் கேடு நீங்கிவிடவில்லை. காண வருவோரின் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை, படிந்த இடத்தில் கல்லின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மின்விளக்கின் ஒளியில் பாசி படர்கிறது. ஆடையிலிருந்து உதிரும் நூலிழைகளைத் தொண்டர்கள் மண்டியிட்டுப் பொறுக்கி எடுக்கின்றனர். 2024இல் ஒருவர் சிந்திய சோளத் தின்பண்டம் குகையின் ஈரத்தில் ஊறிப் பூஞ்சைக்கும் சிற்றுயிர்களுக்கும் இரையாயிற்று. குடிநீரன்றி வேறு உணவெதுவும் குகைவழியில் உண்ணலாகாது என்னும் விதியின் பொருள் இதனால் நமக்கு விளங்கும்.

அப்பூங்காவிலேயே லெச்சுகியா என்னும் மற்றொரு குகையும் உண்டு. 1986இல் குகையாய்வாளர் இடிபாடுகளைத் தோண்டி வழி கண்டனர். இதுவரை 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்துள்ளனர். பல இலட்சம் ஆண்டுகளாக வெளியுலகின் தொடர்பற்றுக் கிடந்த அதன் பாக்டீரியாக்களுள் சில, இக்கால மருந்துகள் பலவற்றை எதிர்த்து நிற்பதை 2012இல் அறிவியலார் வெளியிட்டனர். அச்சூழல் கெடுமாயின் அத்தகைய அறிவும் நமக்குக் கிட்டாது. ஆதலின் அக்குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. அதனருகே புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்ட உரிமை வழங்குவதை 1993இல் இயற்றிய சட்டம் தடுத்தது.

ஒன்றைத் திறந்து வைத்தும், மற்றொன்றை மூடி வைத்தும் காக்கின்றனர். திறந்ததைக் கண்டு மகிழும் உரிமை நமக்கு உண்டு; தொடாமலும் சிந்தாமலும் திரும்பும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்ததே. நமக்குப் பின் வருவோருக்கும் அந்நீர்த்துளிகள் தூண்களை வடித்துக்கொண்டிருத்தல் வேண்டும்.