காசோலைக் குற்றமும் கம்பெனி இயக்குநர் பொறுப்பும்

செக் திரும்பினால் சிறை என்ற நிலை இந்தியாவில் 1989 ஏப்ரல் 1 முதல்தான் வந்தது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 138 முதல் 142 வரையான பிரிவுகள் அன்று நடைமுறைக்கு வந்தன. அதுவரை கடன்கொடுத்தவருக்குச் சிவில் வழக்குதான் வழி. ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க முடிந்தால் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஓராண்டாக இருந்த உச்சத் தண்டனையை 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் ஈராண்டாக்கியது. கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாதே! அதனால் அதன் பின்னே நிற்கும் மனிதர்களை 141-ஆம் பிரிவு தேடுகிறது. ஆனால் அதன் தொடக்க வாசகத்தில் ‘இயக்குநர்’ என்ற சொல்லே இல்லை. குற்றம் நடந்தபோது தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்து, அதற்காகக் கம்பெனிக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் என்றுதான் இருக்கிறது. இயக்குநரைப் பெயர்சொல்லிக் குறிக்கும் இரண்டாம் உட்பிரிவும் அவருடைய இசைவு, உடந்தை, அலட்சியம் ஆகியவற்றில் ஒன்றை நிரூபிக்கச் சொல்கிறது. பதவி வேறு, பொறுப்பு வேறு என்பது சட்டம் பிறந்தபோதே அதில் இருந்தது.

நடைமுறையில் இது மறந்துபோனது. ஒரே செக்குக்கு இயக்குநர் குழு முழுவதையும் எதிரியாக்கும் புகார்கள் பெருகின. எஸ்.எம்.எஸ். ஃபார்மசூட்டிகல்ஸ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: இயக்குநர் என்பதாலேயே எவரும் குற்றவாளி ஆகமாட்டார், புகாரிலேயே அவரது பொறுப்பைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நிர்வாக இயக்குநர் பதவியின் தன்மையாலேயே பொறுப்பாளி. செக்கில் கையெழுத்திட்டவரும் தப்ப முடியாது. காட்ஃபாதர் டிராவல்ஸ் வழக்கில் 2012-இல், கம்பெனியை எதிரியாகச் சேர்க்காமல் இயக்குநரை மட்டும் தண்டிக்க முடியாது என்றும் தீர்ப்பானது. மூலக் குற்றம் கம்பெனியுடையது என்பதால் இது சரியே.

கம்பெனிக்குள் யார் என்ன செய்தார் என்பது சரக்கு கொடுத்து ஏமாந்தவருக்கு எப்படித் தெரியும் என்பது வலுவான ஆட்சேபம். அதற்கு விடை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ஒரு கூட்டாண்மை நிறுவன வழக்கில் கிடைத்தது. பொறுப்பில் இருந்தவர் யார் என்று பொதுவாகத் தெரிந்து சொன்னால் புகார்தாரருக்குப் போதும். உள்விவகாரம் அறிந்தவர்கள் இயக்குநர்களும் கூட்டாளிகளும்தான், தமக்குத் தொடர்பில்லை என்று காட்ட வேண்டியவர்களும் அவர்களே. இந்தப் பங்கீடு நியாயமானது. பேருக்கு இருந்தவரையும் காக்கிறது, பொறுப்பாளி ஒளிவதையும் தடுக்கிறது. அதேபோல், திவால் நடவடிக்கையில் கம்பெனி மீதான வழக்கு நின்றாலும் இயக்குநர் மீதானது நிற்காது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.