பனியன் சாலையில் கரி வடிகட்டி

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையும், கோவையிலிருந்து பல்லடம், காங்கயம் வழியாகக் கரூர், திருச்சி போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அவிநாசிபாளையம். ஏற்றுமதிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் சுமார் 300 கிலோமீட்டர் ஓடும் லாரியும், நாலு ரோல் துணியோடு பக்கத்து யூனிட்டுக்குப் போகும் சின்ன வண்டியும் இந்தச் சந்திப்பைக் கடக்கின்றன. இரண்டும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளாக இருந்தால், இரண்டின் புகைக்குழாயிலும் டிபிஎஃப் என்று எல்லோரும் சொல்லும் கரி வடிகட்டி இருக்கும். ஆனால் அதன் எச்சரிக்கை லைட் அடிக்கடி எரிவது சின்ன வண்டியில்தான். வண்டி சரியில்லை, கம்பெனி ஏமாற்றிவிட்டது, சட்டம் நம் ஊருக்குப் பொருந்தாது என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. உண்மைக் காரணம் இன்னும் பழையது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வளர்ந்த பனியன் தொழிலின் வரலாறும், நீண்ட ஓட்டத்தை நம்பி உருவான டீசல் சுத்திகரிப்பின் வரலாறும் ஒன்றோடொன்று உரசும்போது எரிகிற லைட் அது.

முதலில் தொழிலின் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி கொங்கு மண்ணில் வேரூன்றியபோது திருப்பூர் பஞ்சுச் சந்தையாகவும் அரவை ஆலைகளின் ஊராகவும் இருந்தது. சரக்கு மாட்டுவண்டியில் வந்தது, ரயிலில் போனது. 1925இல் முதல் பின்னலாடை ஆலை தொடங்கியது. 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் வரத் தொடங்கியதும் ஆர்டர்கள் பெருகின. ஆனால் அந்த ஆர்டர்களை முடிக்க எல்லா வேலையையும் ஒரே கூரைக்குள் வைத்த பெரிய ஆலைகள் இங்கே அதிகம் எழவில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், கட்டிங்கும் பவர் டேபிள் தையலும் வேறிடம், எம்பிராய்டரி இன்னோரிடம் என்று ஜாப் ஒர்க் முறை பரவியது. கையில் கொஞ்சம் பணமும் நாலு மெஷினும் இருந்தவர் முதலாளியாக முடிந்தது இந்த முறையால்தான். அதற்கான விலை சாலையில் கொடுக்கப்பட்டது. ஒரு டீ-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன் அதன் துணி ஆறேழு தடவை வண்டி ஏறி இறங்குகிறது. நகரத்தில் இடம் நெருக்கடியானபோது யூனிட்டுகள் பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு, காங்கயம் ரோடு என்று வெளியே நகர்ந்தன. 2005இல் டாடா ஏஸ் வந்தபின் இந்தச் சிறு ஓட்டத்துக்குப் பொருத்தமான வண்டி கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், யூனிட் வாசலில் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பு, மறுபடி ஐந்து கிலோமீட்டர் என்பது இந்தத் தொழிலின் அன்றாட நடையாகிவிட்டது.

இனி டீசலின் கதை. கரியை வடிகட்டும் யோசனை புதிதல்ல. 1985இலேயே மெர்சிடிஸ் பென்ஸ் கலிபோர்னியாவில் விற்ற டீசல் கார்களில் அதைப் பொருத்தியது, அந்த முயற்சி நிலைக்கவில்லை. 2000இல் பெஷோ 607 கார், எரிபொருளில் சீரியம் கலந்த சேர்மத்தைச் சேர்த்துக் கரி எரியும் வெப்பநிலையைக் குறைத்து, வடிகட்டியை அன்றாடப் பொருளாக்கியது. இந்தியாவில் அப்போது அதைப் பொருத்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் நம் டீசலில் கந்தகம் அதிகம். 1990களின் நடுவில் பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அது 2000இல் 2,500 ஆகவும், பிஎஸ் 2இல் 500 ஆகவும், பிஎஸ் 3இல் 350 ஆகவும், 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ் 4இல் 50 ஆகவும், 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6இல் 10 ஆகவும் இறங்கியது. வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கியைக் கந்தகம் கெடுத்துவிடும் என்பதால் எரிபொருள் சுத்தமாகும்வரை வடிகட்டி காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுத்தம் நம் வாசலுக்கே வந்தது. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவை வழியாகக் கரூர் வரை வரும் குழாய் கொங்கு நாட்டுக்கு டீசல் கொண்டுவருகிறது. பிஎஸ் 6 எரிபொருளை மனத்தில் வைத்து அந்த ஆலை விரிவாக்கப்பட்டு 2019 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிஎஸ் 5ஐத் தாண்டி நேரே 6க்குப் போவது என்று அரசு 2016 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் என்றிருந்த கரித்துகள் வரம்பு 4.5 மில்லிகிராம் ஆனது. வடிகட்டி இல்லாமல் அந்த எண்ணை எட்டுவது நடைமுறையில் முடியாத காரியம்.

இந்த இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் புகைக்குழாயின் வெப்பம். வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற கண்களையுடைய பீங்கான் கட்டை. ஒவ்வொரு கண்ணும் ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதைத்தான் ரீஜென் என்கிறார்கள். லோடோடு நெடுஞ்சாலையில் ஓடும் லாரியில் புகையே 250 முதல் 400 டிகிரி வரை சூடாக இருப்பதால், அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு கரியைச் சத்தமில்லாமல் கரைத்துவிடும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. ஐந்து கிலோமீட்டர் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. கரி ஓர் அளவைத் தாண்டியதும் கணினி கூடுதலாக டீசலைப் பீய்ச்சி வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்ற முயல்கிறது. அந்த நேரம் பார்த்து சாயப்பட்டறை வாசல் வந்துவிடும், லோடு இறக்க டிரைவர் சாவியைத் திருப்பிவிடுவார், வேலை பாதியில் நின்றுபோகும். இப்படிப் பலமுறை ஆனால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு குறைய வேண்டிய வண்டியில் டிப் ஸ்டிக் கோட்டுக்கு மேலே ஈரம் காட்டும். இதற்கிடையே டேஷ்போர்டில் மஞ்சள் லைட் நின்று எரியும், பிறகு விட்டுவிட்டு மின்னும், அதையும் கவனிக்காவிட்டால் இழுவை குறையும், கடைசியில் சிவப்பு எரிந்து வண்டி பட்டறைக்குப் போகும். முதல் மஞ்சள் எரியும்போதே கால் மணி, இருபது நிமிடம் நிற்காமல் சீராக ஓட்டினால் போதும் என்பதைத்தான் பல கையேடுகள் சொல்கின்றன. அவிநாசிபாளையத்திலிருந்து காங்கயம் பக்கமோ பல்லடம் பக்கமோ போகும் நெடுஞ்சாலை அதற்குப் பொருத்தமான தூரம்தான்.

டெல்லியின் காற்றுக்காக எழுதிய சட்டத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது வடிகட்டியை எதிர்ப்பவர்களின் முதல் ஆட்சேபம். காற்று மாசு வழக்குகள் டெல்லியில் நடந்தன என்பது உண்மைதான். ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டியின் டிரைவரும், லோடு இறக்குபவரும், சாலையோர யூனிட்டில் பவர் டேபிளில் குனிந்திருக்கும் பெண்களும்தான். பழைய லாரிகள் கரும்புகை கக்கிக்கொண்டு அதே சாலையில் போகும்போது புது வண்டிக்காரன் மட்டும் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் பழைய வண்டிகள் ஓய்ந்தபின் மிஞ்சப்போவது இன்றைய புது வண்டிகள்தான். அவற்றிலிருந்து வடிகட்டியைக் கழற்றினால் அடுத்த பதினைந்து ஆண்டுக் காற்றை இப்போதே விற்றதாகிவிடும். கட்டையைத் துளையிட்டு, கணினியில் நிரலை மாற்றி லைட்டை அணைத்துவிடும் வேலை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கும் மாற்றம். புகைச் சோதனையில் தப்பிவிடலாம் என்பது ஆறுதல் ஆகாது. அந்தச் சோதனை புகை எவ்வளவு கறுப்பு என்றுதான் பார்க்கிறது. நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் நுண்துகள் கண்ணுக்கும் தெரியாது, அந்தக் கருவிக்கும் சரியாகத் தெரியாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. டெலிவரி நேரம் நெருக்கும்போது ரீஜெனுக்காக அரை மணி நேரம் யார் ஒதுக்குவது? இதற்குப் பதில் இந்த ஊரின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியபோதும், அதன் குறுக்கே 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயநீரைத் தேக்கியபோதும் இதே வாதம்தான் சொல்லப்பட்டது. சுத்திகரித்தால் தொழில் ஓடாது என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின்தான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை இங்கே உண்மையில் நிலைபெற்றது. தொழில் அழிந்துவிடவில்லை. ஆனால் சுத்திகரிப்பின் செலவை யார் சுமப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காததால் சிறு பட்டறைகள் பல தாங்காமல் போயின. கருவி வந்தால் மட்டும் போதாது, வேலை நடக்கும் முறையும் கூலிக் கணக்கும் அதோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதே அந்தப் பத்தாண்டுகள் கற்றுத்தந்த பாடம்.

டிபிஎஃப் விஷயத்திலும் அதே பாடம்தான் பொருந்துகிறது. லைட் எரிவதற்கு டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஓட்டத்தை வகுப்பவர் அவர் அல்ல. ஊருக்குள் மட்டுமே சுற்றும் வண்டியை வாங்கும்போது டீசலைத் தவிர்த்து பெட்ரோல், சிஎன்ஜி, பேட்டரி வண்டிகளைப் பார்ப்பதுதான் அந்த வேலைக்குப் பொருத்தம். ஏற்கெனவே டீசல் வண்டி வைத்திருப்பவர் வாரத்தில் ஒரு நெடுந்தூர லோடை அதற்கு ஒதுக்கலாம். ரீஜென் நடக்காத நேரத்தில், வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைக்கலாம். குறைந்த சாம்பல் தரும் ஆயிலையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது தங்கித் தங்கிக் கடைசியில் கட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வைக்கும். சுவிட்சை அழுத்தி நிறுத்திவைத்து ரீஜென் செய்யும் வசதியுள்ள வண்டிகளுக்குப் பஞ்சும் கட்டிங் வேஸ்ட்டும் இல்லாத சிமென்ட் தரை வேண்டும். 600 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் துணிக் கழிவைக் குவித்துவைப்பது தீயை வரவழைப்பதாகும். ஜாப் ஒர்க் கூலியைப் பேசும்போது வண்டியின் இந்த அரை மணி நேரமும் கணக்கில் ஏற வேண்டும். நூலுக்கும் சாயத்துக்கும் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று பைசா சுத்தமாகக் கணக்கிடும் ஊர், அந்தத் துணியை ஏற்றிச் செல்லும் வண்டியின் புகைக்கும் அதே கணக்கைப் போட முடியும். நொய்யலுக்கு நீதிமன்றம் வந்துதான் அந்தக் கணக்கைப் போட வைத்தது. காற்றுக்கும் ஒரு நீதிமன்றம் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்தத் தொழில் தானாகவே அதைப் போட்டுக்கொள்வதே அதற்குப் பெருமை.