கம்பெனி ஃபிட்டிங்குக்கு மூத்தது

மதுரையில் புது கார் எடுத்தால் முதல் ஓட்டம் பாண்டி கோயிலுக்கு. எலுமிச்சம்பழம் நசுங்கி, பானட்டில் பூசிய சந்தனம் காய்வதற்குள் அடுத்த ஓட்டம் காளவாசல் பக்கம், கார் அலங்காரக் கடைகளுக்கு. சீட் கவர், ஃப்ளோர் மேட் எல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிடும். ஸ்பீக்கர் என்று வரும்போதுதான் வீட்டுக்குள் கட்சி பிரியும். மகன் கதவு ஸ்பீக்கரை மாற்றச் சொல்வான். அப்பா, "பத்து லட்சம் குடுத்து வாங்குன வண்டிடா. கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?" என்பார். கடைத் தம்பி எந்தக் கட்சியிலும் சேராமல், டோர் பேடை நெம்பும் பிளாஸ்டிக் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அப்பா கேட்பது நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு கடைத் தம்பி பக்கம். காருக்குள் பாட்டு என்பது கார்க் கம்பெனி பெற்ற பிள்ளையே இல்லை. வெளியாட்கள் வண்டியைப் பிரித்து, துளை போட்டு, வயர் இழுத்து உள்ளே நுழைத்த சரக்கு அது. கம்பெனி ஃபிட்டிங் பிறகு வந்தது.

1928 செப்டம்பரில் சிகாகோவில் பால் கால்வினும் தம்பி ஜோசஃபும் ஐந்து பேரை வைத்து ஒரு பட்டறை தொடங்கினார்கள். பேட்டரியில் ஓடும் ரேடியோவை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட உதவும் பெட்டிதான் அவர்கள் தயாரிப்பு. மறு ஆண்டே அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. நேராக மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்களும் வந்துவிட்டதால் அந்தப் பெட்டியைக் கேட்க ஆளில்லை. நியூயார்க் பக்கம் சிலர் ஆர்டரின் பேரில் பணக்காரர் கார்களில் ரேடியோ பொருத்திக் கொடுப்பதாகக் கால்வின் காதில் விழுந்தது. அதையே மலிவாக, எல்லா வண்டிக்கும் பொருந்துகிற மாதிரி செய்தால் என்ன என்று யோசித்தார். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்ற இரு இளைஞர்கள் கூடச் சேர்ந்தார்கள்.

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு. கால்வினிடம் ஸ்டால் எடுக்கக் காசில்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரிலேயே ரேடியோவைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து ஓட்டிக்கொண்டு போய் மாநாட்டு வாசலில் நிறுத்தினார். சத்தத்தைக் கூட்டிவைத்துப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். ஆர்டர் கிடைத்தது. 5T71 என்ற அந்த மாடலுக்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. 1947இல் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது. அந்த முதல் மாடலின் விலை 110 முதல் 130 டாலர். அந்த நாளில் சாதாரண ஃபோர்டு காரே ஐந்நூறு டாலர் அளவில்தான். கார் விலையில் கால்வாசி கொடுத்து ரேடியோ வாங்கியவர்களை நினைத்தால், முப்பதாயிரத்துக்கு ஊஃபர் பாக்ஸ் போடும் நம்மூர்ப் பையனைத் திட்ட மனம் வரவில்லை.

விலையைவிடப் பெரிய தலைவலி காரே கொடுத்தது. பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்குப் பல தடவை தீப்பொறி விடுகிறது. மார்க்கோனி தொடக்கத்தில் வயர்லெஸ் செய்தி அனுப்பியதே தீப்பொறியால்தான். அப்படியானால் ஓடுகிற கார் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். அது அனுப்புவது வெறும் கரகரப்பு. ரேடியோவுக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான். பாட்டு எடுபட வேண்டுமானால் பிளக்குக்குப் பிளக்கு ரெசிஸ்டர் மாட்டி, டைனமோவுக்குக் கண்டன்ஸர் போட்டு, வயர்களுக்கு உலோக உறை சுற்றி என்ஜினின் வாயை அடைக்க வேண்டும்.

ஏரியல் இன்னொரு கூத்து. அன்றைய கார்களின் கூரை நடுவில் தகடு இருக்காது, துணிதான். அந்தத் துணிக்கடியில் கோழிக்கூண்டு வலையை விரித்து ஏரியலாக்கினார்கள். முப்பதுகளின் நடுவில் கூரை முழுதும் இரும்பானதும் வலை உள்ளே சிறைப்பட்டது. ஏரியல் படிக்கட்டுப் பலகைக்கு அடியில் போய், பிறகு வெளியே கம்பியாக நீண்டது.

மூன்றாவது சிக்கல் மின்சாரம். கார் பேட்டரி 6 வோல்ட். ரேடியோ வால்வுகளுக்கோ நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். முதலில் தரைப்பலகைக்கு அடியில் தனியாக உலர் பேட்டரிகளை அடுக்கினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் வைப்ரேட்டர் வந்தது. பேட்டரியின் நேர் மின்சாரத்தை விறுவிறுவென்று வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் விட்டு வோல்டேஜை உயர்த்தும் கருவி அது. காளவாசலில் சீட்டுக்கடியில் பொருத்தும் ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் இதே வித்தைதான். வைப்ரேட்டரில் துடிக்கும் தகட்டின் வேலையை மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் செய்கிறது, அவ்வளவே.

இத்தனை வேலையையும் ரேடியோ வாங்கியவர் தானே செய்துகொள்ள முடியாது. ஆகவே பொருத்தித் தரும் ஆட்கள் உருவானார்கள். 1934 வாக்கில் குட்ரிச் டயர் கம்பெனியின் கடைகளிலேயே மோட்டரோலாவை விற்று மாட்டிக்கொடுக்க ஏற்பாடானது. டயர் மாற்ற வந்தவர் பாட்டோடு திரும்பினார். காளவாசல் கடைகளுக்கு முன்னோடி என்று எதையாவது காட்டச் சொன்னால் அந்த டயர் கடைகளைத்தான் காட்டுவேன்.

ஐரோப்பாவில் 1932இல் பிளாவ்புங்க்ட் கொண்டுவந்த முதல் கார் ரேடியோ 15 கிலோ எடை, 465 மார்க் விலை. டேஷ்போர்டில் இடம் போதாமல் பெட்டியை எங்கோ ஒளித்துவிட்டு, ஸ்டியரிங் தண்டில் குமிழ் வைத்தார்கள். 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் இசைத்தட்டுச் சுழலியே வந்தது. குலுங்கும் வண்டியில் ஊசி தட்டின் மேல் நிற்க வேண்டும்! அமெரிக்க நெடுஞ்சாலையிலேயே அது நெடுநாள் நிலைக்கவில்லை. நம்ம ஊரில் அந்த வண்டிக்கு மழை முடிந்த மறுநாள் எந்தத் தெருவைக் காட்டினாலும் போதும். லியர் 1960களில் 8 டிராக் டேப்பைக் கொண்டுவந்தார். லியர்ஜெட் விமானம் செய்த அதே லியர்தான். இவை எதுவும் நமக்குப் பெரிதாக வந்து சேரவில்லை.

நமக்கு வந்தது கேசட். 1963இல் ஃபிலிப்ஸ் வெளியிட்டது. நாட்டில் அப்போது ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. மதுரைச் சமவெளிக்குத் திருச்சி வானொலி, அதைவிட ஆசையாக இலங்கை வானொலி. அம்பாசிடரில் ரேடியோ வைத்தவர் ஊரில் முக்கியஸ்தராக இருப்பார். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கேசட் வந்து நிலையத்தின் தயவை ஒழித்தது. தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். பாட்டுகளை எழுதிக்கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். காளவாசலில் மேற்கே திரும்பும் ரோடு தேனிக்குப் போகிறது. அதற்கும் அப்பால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரர் பாட்டுகளை அந்த ரோட்டிலேயே கேட்டுக்கொண்டு தேனிக்கும் கம்பத்துக்கும் போன டாக்சிகள் எத்தனையோ. இளையராஜா பாட்டில் பேஸ் கிதார் தனியாக ஒரு வழியில் நடந்துகொண்டே இருக்கும். அது டேஷ்போர்டின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காது. பின் சீட்டுக்குப் பின்னால் பலகை போட்டு ஓவல் ஸ்பீக்கர் வைத்தவருக்குத்தான் கேட்டது. நம்மூர் ஓவல் ஸ்பீக்கர் மோகத்துக்கு மூல காரணம் அந்தப் பேஸ் கிதார்தான் என்பது என் கட்சி.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 சாவி கைமாறியபோது வண்டியோடு பாட்டுப்பெட்டி வரவில்லை. அதனால் கார் வாங்குவது ஒரு நாள் வேலை, செட் மாட்டுவது மறுநாள் வேலை என்று ஆனது. இந்த மறுநாள் வேலையைத் தொழிலாக்கியது ஒரு செவ்வகத் துளை. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன் தரநிலையாகத் தொடங்கி உலகமே ஏற்றுக்கொண்ட அளவு அது. எந்த வண்டியாக இருந்தாலும் எந்த டெக்கும் உள்ளே போகும். 1984இல் பயனியரும் சோனியும் கார் சிடி பிளேயரைக் கொண்டுவந்தபோதும், பின்னால் யுஎஸ்பி வந்தபோதும் அதே துளைதான். கார்க் கம்பெனிகள் தெரிந்தே திறந்து வைத்திருந்த வாசல் அது.

அந்த டெக்குகளின் அட்டைப்பெட்டியில் '50×4' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம்பிவிட வேண்டாம். வண்டி ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாமல் அதிலிருந்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக எடுக்க முடிந்தது கணக்குப்படி 26 வாட். ஐசியில் இழப்பது போகக் கையில் வருவது இருபது சொச்சம். மிச்சம் அட்டையிலேயே தங்கிவிடும். வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 8 ஓம், கார் ஸ்பீக்கர் 4 ஓம் என்றிருப்பதற்கும் இதுதான் காரணம். வோல்டேஜ் குறைவான இடத்தில் தடையைப் பாதியாக்கினால் பவர் இரு மடங்காகும்.

இனி கம்பெனி ஃபிட்டிங் கதை. 1956இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் ஒருவர் ஆசை ஆசையாக ஸ்டீரியோ வாங்கி, சத்தம் பிடிக்காமல் ஏமாந்தார். வங்காளத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துவிட்டு அமெரிக்காவுக்குத் தப்பியவரின் மகன். பெயர் அமர் போஸ். அந்த ஏமாற்றம் 1964இல் கம்பெனியானது. 1983 மாடல் கேடிலாக் செவில் உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், அந்தந்த கேபினை அளந்து அதற்கென்றே ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் வடிவமைத்துத் தொழிற்சாலையிலேயே பொருத்தினார்கள். காரைப் பிரிக்காமல் நல்ல சத்தம் கிடைக்கும் என்று கார்க் கம்பெனிக்குக் கற்றுக்கொடுத்தவரும் வெளியாள்தான் என்பதைக் கவனியுங்கள். கால்வினுக்கு ஐம்பது வருடம் பின்னால் இது.

நடுத்தர விலைக் காரில் அந்தப் பாடத்தின் சிக்கனப் பதிப்புதான் வருகிறது. சின்னக் காந்தம், காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம். எடையும் காசும் மிச்சம். அந்த ஏழை ஸ்பீக்கரைத் தூக்கி நிறுத்த ஹெட் யூனிட்டுக்குள்ளேயே ஒலியைச் செதுக்கி விடுகிறார்கள். பேஸைக் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள், சத்தம் ஏற ஏற ஸ்பீக்கர் கிழியாதபடி அதையே குறைக்கவும் செய்வார்கள். விலையுயர்ந்த ஸ்பீக்கரை மட்டும் மாற்றியவர் சில நேரம், "முன்ன இருந்ததே தேவல" என்று வந்து நிற்பது இதனால்தான். பழைய ஸ்பீக்கருக்கு எழுதிய மருந்தைப் புதியது குடிக்கிறது.

அனுபவமுள்ள கடைத் தம்பி கேட்டால், "அண்ணே, மொதல்ல கதவ அடைங்க" என்பார். 1925இல் ரைஸ், கெலாக் என்ற இரு பொறியாளர்கள் இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். கூம்பின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கலந்தால் பேஸில் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவே தடுப்பு வேண்டும் என்பது அன்றே தெரியும். கார்க் கதவோ உள்ளே ஓட்டை ஓட்டையாக, பாலித்தீன் தாளை ஒட்டியது. ஓட்டைகளை அடைத்து, அதிர்வை அடக்கும் டேம்ப்பிங் ஷீட் ஒட்டினால் பழைய ஸ்பீக்கரிலேயே மத்தளச் சத்தம் உடம்போடு வரும். இதற்குக் காசு குறைவு, உழைப்பு அதிகம். ஆகவே பல கடைகள் முதலில் ஊஃபரைத்தான் காட்டும்.

ஆம்ப் வைப்பதானால் பேட்டரியிலிருந்து நேராக மெயின் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரைத் தள்ளிவிட்டு முழுச் செம்பு கேட்க வேண்டும். மெயின் வயர் ஒரு பக்கம், பாட்டு வயர் மறுபக்கம். சேர்த்து இழுத்தாலோ எர்த் சரியில்லாவிட்டாலோ ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ஊளை ஏறும். அது ஆல்டர்னேட்டரின் குரல். பிளக்கின் கரகரப்பைக் கால்வினோடு சேர்ந்து அடக்கிய வேவரிங்தான் பின்னாளில் மோட்டரோலாவில் கார் ஆல்டர்னேட்டர் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஒரு சத்தத்தை ஒழித்த மனிதர் இன்னொன்றை நமக்கு விட்டுப்போனார்.

இன்று அந்தச் செவ்வகத் துளை பெரும்பாலும் மறைந்துவிட்டது. டேஷ்போர்டில் பெரிய திரை. அதன் வழியாகத்தான் ரிவர்ஸ் கேமரா, சில வண்டிகளில் ஏசியும்கூட. இண்டிகேட்டர் டிக் டிக், சீட் பெல்ட் மணி எல்லாம் பல வண்டிகளில் கார் ஸ்பீக்கர் வழியே வருகின்றன. திரையைக் கழற்றினால் வண்டி ஊமையாகும். அதனால் கடைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் மாட்டி, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை நடுவில் பிடித்து, ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் டிஎஸ்பி ஆம்ப்பில் கம்பெனியின் செதுக்கலை நிமிர்த்தித் திரும்ப அனுப்புகிறார்கள். ரேடியோ மெக்கானிக் வேலையாக இருந்தது, லேப்டாப்பும் மைக்கும் வைத்துச் செய்யும் வேலையாகிவிட்டது.

2024 நவம்பரில் மஹிந்திரா சென்னையில் தன் மின்சார எஸ்யூவிகளை அறிமுகம் செய்தது. ஹார்மன் கார்டனின் 16 ஸ்பீக்கர் வரை உள்ளே. என்ஜின் இல்லாத வண்டிக்கு ஓட்டும்போதும், ஏறும்போதும், எச்சரிக்கும்போதும் வேண்டிய ஒலிகளை ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்தார். பாட்டைக் கெடுக்க பிளக்கும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. காருக்கென்று ஒரு சத்தத்தை ஸ்பீக்கர்தான் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட அமைப்புகளில் ஆம்ப்ளிஃபையர் வண்டியின் கணினி வலையோடு பிணைந்திருக்கிறது, கப்ளர் போட்டுப் பிடிப்பதும் எளிதில்லை. காளவாசலுக்கு அந்த வண்டி வந்தால் தம்பி இப்போதைக்கு மேட்டும் சீட் கவரும் போட்டுக் கொடுப்பார். கதவைத் தட்டிப் பார்த்து, டேம்ப்பிங் வேண்டுமா என்றும் கேட்டு வைப்பார்.