அருகு புல்தரையான கதை

சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, 2019, அந்த வருஷம் எங்கள் வீட்டு முன்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் 'கொரியன் கிராஸ்' பதித்திருந்தோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பாய் பாயாக வெட்டி எடுத்துவந்து விரித்துவிட்டுப் போனார்கள். மே மாதம் முடிவதற்குள் அது தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பிறகு இரண்டு மழை பெய்தது. காய்ந்த பாய்களின் இணைப்பு வழியே பச்சையாக ஒரு கொடி ஓட ஆரம்பித்தது. கணுவுக்குக் கணு வேர். தோட்டக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "அருகு சார். நீங்க போட்டது போச்சு, இது தானா வந்திருக்கு. பிடுங்கிடட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அப்போது சோம்பலில் சொன்ன பதில் அது. வெயில் நாடுகளின் புல்தரை எப்படிப் பிறந்தது என்று பின்னால் படித்தபோதுதான், அந்தப் பதிலை எனக்கு முன்னாலேயே பல பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

புல்தரை ஈரத்தில் பிறந்த பிள்ளை. இங்கிலாந்தில் கோடையிலும் தூறல் விழும். புல்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, வெட்டத்தான் ஆள் வேண்டும். பிரபுக்களின் மாளிகை முன்னால் ஆடுகள் மேய்ந்தன, அல்லது நீண்ட கைப்பிடி அரிவாளோடு கூலியாட்கள் வரிசையாக நின்று அறுத்தார்கள். அங்கே ஸ்ட்ரௌட் ஊர்ப்பக்கத்தில் அந்தக் காலத்தில் கம்பளி நெசவு ஆலைகள் அதிகம். நெய்த துணியின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை, சுழலும் கத்திகள் கொண்ட ஒரு இயந்திரம் சீராக வெட்டும். அதைப் பார்த்த எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக், இதையே தரையில் உருட்டினால் புல்லை வெட்டாதா என்று யோசித்து 1830-ல் காப்புரிமை வாங்கினார். புல்வெட்டும் இயந்திரம் அப்படி வந்தது. அது வந்த பிறகுதான் நடுத்தர வீடுகளுக்கும் புல்தரை எட்டியது. இன்றைக்கும் புல்தரையைக் கம்பளம் என்கிறோம். இயந்திரத்தின் பூர்வீகம் தெரிந்தால் அந்த உவமை கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

புல்தரை ஆசை வெயில் நாடுகளுக்குக் கப்பலேறிப் போய்விட்டது. புல்லால் போக முடியவில்லை. இங்கிலாந்தின் ஃபெஸ்க்யூ, ரை புற்களுக்கு 15 முதல் 24 டிகிரி வரைதான் தோதான வெப்பம். அதற்கு மேலே போகப் போக, கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. சம்பாதித்ததில் ஒரு பங்கு வீணாகிறது. நெல்லும் கோதுமையும் இந்த வகைதான். இன்னொரு வகைப் புற்கள் கரியமில வாயுவை முதலில் ஒரு அறையில் பிடித்து, செறிவாக்கி, உள் அறைக்குத் தள்ளுகின்றன. தவறு நடக்க வழி மிகக் குறைவு. இலைத்துளையை அதிகம் திறக்க வேண்டாம் என்பதால் தண்ணீரும் மிச்சம். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு எல்லாம் இந்தப் பக்கம். இவர்களின் பங்காளிதான் அருகு. 35 டிகிரியில் மற்ற புல் மூச்சு வாங்கும்போது, இது அப்போதுதான் வேகமெடுக்கும்.

அருகுக்கு ஊருக்கு ஒரு பெயர். வடக்கே தூப், ஆஸ்திரேலியாவில் கூச், தென்னாப்பிரிக்காவில் க்வீக், அமெரிக்காவில் பெர்முடா. பெர்முடா தீவு அதன் பூர்வீகம் கிடையாது. தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான்: முன்பாதிக்கு நாய்ப்பல், பின்பாதிக்கு விரல் என்று பொருள். கதிர் விரல் விரித்ததுபோல் இருப்பதைப் பார்த்தால் பின்பாதி புரியும்.

நம் ஊரில் இதற்கு இரண்டு மரியாதை. பிள்ளையார் தலையில் ஏறும், கல்யாண வாழ்த்தில் வரும். அதே புல் வயலில் தலைகாட்டினால் விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். மண்வெட்டியால் கொத்தினால் துண்டுக்கு ஒரு செடி. கோடை உழவு போட்டுக் கிழங்கைப் புரட்டி வெயிலில் சுட்டால்தான் கொஞ்சமாவது அடங்கும்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் இதே பகைதான். அங்கே பருத்திக் காட்டுக்காரர்களுக்கு அருகு என்றால் பிசாசு. வீட்டு முன்னால்கூட அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் புல் வளர்ப்பதாக இல்லை. முளைத்த புல்லைக் கொத்திப் போட்டுவிட்டு, மண் தரையைத் தினம் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். பாம்பு வந்தால் தெரியும், தீ பரவாது. நம் வாசல் மாதிரியேதான், கோலம் ஒன்றுதான் இல்லை. கோல்ஃப் மைதானங்களிலும் இதே கதை. வட கரோலினாவின் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில், பந்து குழிக்குப் போகும் அந்த வழவழப்பான இடத்தில் 1935 வரை மணல்தான் இருந்தது.

1936-ல் கிளென் பர்ட்டன் என்ற இளம் விஞ்ஞானி ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். மாட்டுத் தீவனத்துக்கு நல்ல புல் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. ஊரே சபிக்கிற அருகைக் கையில் எடுத்தார். பருத்திக் காட்டில் கிடைத்த ஒரு உள்ளூர் அருகையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அருகையும் கலந்து, ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பார்த்து, 1943-ல் 'கோஸ்டல்' என்ற ரகத்தை வெளியிட்டார். விதை வைப்பது மிக அரிது என்பதால் பக்கத்து வயலுக்கு ஓடிப்போகிற பயமும் குறைந்தது.

கோல்ஃப்காரர்கள் அவரிடம் வந்தது இதற்குப் பிறகு. அவர்களுக்கு மாடு தின்னுகிற உயரமான புல் வேண்டாம். விரல்கடை உயரத்துக்குக் கீழே வெட்டினாலும் அடர்ந்து படர வேண்டும். சாதாரண அருகு வெயில் தாங்கும், ஆனால் முரடு. ஆப்பிரிக்காவின் இன்னொரு சைனோடான் இனம் பட்டுபோல் மெல்லிய இலை கொண்டது, ஆனால் அந்த உழைப்பு இல்லை. 1954-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அந்த மெல்லிய இனத்தின் விதை டிஃப்டனுக்கு வந்தது. விதைத்துப் பார்த்தால், நடுவே ஒரு செடி மட்டும் வேறு சாயலில் நின்றது. எங்கோ காற்றில் வந்த அருகு மகரந்தம் செய்த வேலை. அருகுக்கு 36 குரோமோசோம், மெல்லிய இனத்துக்கு 18, பிள்ளைக்கு 27. ஜோடி சேராத எண், கோவேறு கழுதைபோல் மலடு. விதையே கிடையாது. சோதனை எண் 419. 1960-ல் 'டிஃப்வே' என்ற பெயரில் வெளியே வந்தது.

வெயில் நாடுகளின் விளையாட்டு மைதானங்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் பரவிய ரகம் இது. விதை இல்லாததால், கணுவோடு கிள்ளிய துண்டுகளாக நட்டேதான் பரப்ப முடியும். அதாவது, உலகத்தில் எங்கே டிஃப்வே இருந்தாலும் அது டிஃப்டன் பாத்தியில் நின்ற அந்த ஒற்றைச் செடியின் துண்டுதான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது.

பர்ட்டனைப் பற்றி இன்னொன்று. அவர் கம்பிலும் வேலை செய்தவர். அவருடைய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பு இந்தியாவுக்கு வந்து, அதைத் தாயாக வைத்து 1965-ல் இந்தியாவின் முதல் ஒட்டுக்கம்பு எச்பி-1 வந்தது. பின்னால் அடிச்சாம்பல் நோயில் அது அடிபட்டது வேறு கதை. நான் முதலில் கோல்ஃப்காரர்களுக்குப் புல் செய்துகொடுத்தவர் என்று அலட்சியமாகத்தான் அவரைப் படிக்கத் தொடங்கினேன்.

இனி நம் வாசலுக்கு வருவோம். அருகாகவே இருந்தாலும் கோடையில் பளிச்சென்று பச்சையாக இருக்க வாரத்துக்கு சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 1,000 லிட்டர். எங்கள் ஒன்றரை சென்ட்டுக்கு 12,000 லிட்டர் லாரி எட்டு வாரம்தான் வரும். பஞ்ச காலத்தில் இதைச் செய்வது அநியாயம் என்பது என் கட்சி. உயிரோடு இருக்க மட்டும் இவ்வளவு தேவையில்லை. தண்ணீர் விடுவதானால் தினம் தெளிக்காமல், வாரம் ஒருமுறை மண் நன்றாக நனைய விட வேண்டும். தினம் தெளித்தால் வேர் மேலேயே நின்று சொகுசுக்குப் பழகிவிடும். கோடையில் ஒட்ட வெட்டக் கூடாது, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வேப்பமர நிழலில் அருகு வராது. அங்கே வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போடாதீர்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் முழுக்கக் காய்ந்து வைக்கோலாகத் தெரிந்தால் உடனே லாரிக்குப் போன் போட வேண்டாம். ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணுக்குள் ஓடும் தண்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் புல் சாகவில்லை. மண்ணை மூடிவிட்டு மழை வரும்வரை விட்டுவிடுங்கள்.