டிஷ்வாட்டர்: லிங்கன் மீது வீசப்பட்ட சொல்

ருசியில்லாத காபி, இழுவையான நாடகம், உயிரில்லாத பேச்சு என எதையும் ஒரே வீச்சில் ஒதுக்கித் தள்ள ஆங்கிலத்தில் இருக்கும் சொல் 'டிஷ்வாட்டர்', அதாவது பாத்திரம் கழுவிய தண்ணீர். தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அந்த ஒரே நீரில் தட்டுகளை முக்கிக் கழுவும் வழக்கத்திலிருந்து பிறந்தது. கடைசித் தட்டு வெளியே வரும்போது சூடு ஆறி, நுரை அடங்கி, சாம்பல் நிற நீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும். மட்டமான காபியைக் 'கழனித்தண்ணி' என்று திட்டும் தமிழருக்கு அந்த அருவருப்பு உடனே புரியும்.

இதற்கு மூத்தது 'டிச்வாட்டர்'. வயலோரப் பள்ளங்களில் தேங்கிக் கலங்கிய நீர். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர், 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு மாவு ஆலைக்காரன் மனைவியின் கர்வத்தை இந்த நீருக்கு ஒப்பிட்டார். மந்தம் என்ற பொருள் பிற்பாடு வந்தது. 1864-65இல் வெளிவந்த 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலில் டிக்கன்ஸ் அதைக் கையாண்டிருக்கிறார். இரு சொற்களின் ஓசையும் நெருக்கமானது. பிரிட்டனில் பள்ளத்து நீர் இன்னும் புழங்குகிறது. அமெரிக்காவில் அடுக்களை நீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

டிஷ்வாட்டர் என்ற சொல் மிகப் பிழையாக விழுந்த இடம் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கொடிய சண்டைகளில் ஒன்று 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் அங்கே நடந்தது. மாண்ட வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை நவம்பர் 19 அன்று அர்ப்பணித்தார்கள். முதலில் புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் முழங்கினார். பிறகு எழுந்த அதிபர் ஆபிரகாம் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. 'சிகாகோ டைம்ஸ்' தலையங்கம் அந்தப் பேச்சை அசட்டுத்தனம், சப்பை, டிஷ்வாட்டர் என்று ஏசியது; அமெரிக்கர் ஒவ்வொருவரும் வெட்கப்பட வேண்டும் என்றது.

வில்பர் ஸ்டோரி நடத்திய அந்தப் பத்திரிகை லிங்கனின் போர்க் கொள்கைக்குக் கடும் எதிரி. அதே ஆண்டு ஜூன் மாதம் லிங்கன் தரப்பு ராணுவத்தின் ஜெனரல் பர்ன்சைட் அதை இழுத்து மூடினார். ஓரிரு நாளில் அந்த ஆணையை ரத்து செய்தவர் லிங்கன்தான். தலையங்கத்தின் உண்மையான கோபம் பேச்சின் நடை மீதல்ல. எல்லா மனிதரும் சமம் என்ற கொள்கையை நாட்டின் அடித்தளமாக லிங்கன் நிறுத்தினார். அடிமை முறைக்கு இடமளித்திருந்த அரசியல் சட்டத்தைக் காக்கவே வீரர்கள் மாண்டார்கள் என்று பத்திரிகை வாதிட்டது. நெஞ்சைச் சுட்ட கருத்தை நீர்த்துப்போனது என்று சொல்லித் தள்ளப் பார்த்தது.

எவரெட்டுக்கோ மறுநாளே தெளிவு வந்துவிட்டது. தாம் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்ற மையக் கருத்தை லிங்கன் இரண்டே நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்ற பொருள்பட அவருக்குக் கடிதம் எழுதினார். பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில் 'பேட்ரியட் அண்ட் யூனியன்' ஏடும் அப்போது அந்தப் பேச்சை அசட்டுப் பேச்சென்று இகழ்ந்தது. அதன் வழிவந்த 'பேட்ரியட்-நியூஸ்' 150 ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பரில், அந்தத் தீர்ப்பை முறைப்படி திரும்பப் பெற்றுக்கொண்டது.