இடது கைக்கு ஒரு இடம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "சார், நீங்க இடது கையில வாசிக்கிறீங்களே, அதுக்குன்னு தனி மிருதங்கம் இருக்கா?" இல்லைங்க. அதே மிருதங்கம்தான், திருப்பி வச்சா போதும். மேடையைத் திருப்புறதுதான் கஷ்டம். இன்னிக்கு அந்தக் கதை.

மறைமலைநகர்ல என் வீட்டு மூலையில ஒரு பழைய மிருதங்கம் இருக்கு. பலாமரக் கட்டை, தோல் வார் போட்டு இழுத்துக் கட்டினது. சுருதி சேர்க்க கல்லும் கட்டையும் வச்சு விளிம்பைத் தட்டணும். தொப்பிப் பக்கம் கனமா ஒலிக்கணும்னா ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு ஒட்டணும், கச்சேரி முடிஞ்சதும் சுரண்டி எடுக்கணும். அதனால செங்கல்பட்டு ரயில்ல ஏறும்போது என் பையில எப்பவும் ஒரு பொட்டலம் ரவை இருக்கும். இப்போ வாருக்குப் பதிலா நட்டு போல்ட்டு வந்தாச்சு, ரவைக்குப் பதிலா சிலிக்கான் பசை போடுறவங்களும் இருக்காங்க. வசதிதான். நானும் போல்ட்டு மிருதங்கம் வச்சிருக்கேன்.

சரி, மேடைக்கு வருவோம். பாடகருக்கு வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். இதுதான் வழக்கம். அப்படி உட்கார்ந்தாதான் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்துல உட்கார்ந்தா வலந்தலை உள்பக்கம் போயிடும். அதனால வயலின்காரர் தன் இடத்தை விட்டு இந்தப் பக்கம் மாறணும்.

இந்தச் சிக்கலோட வாழ்நாள் முழுக்க மேடை ஏறினவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908-ல் பிறந்து 1962-ல் மறைந்தவர். புதுக்கோட்டை மரபு. மிருதங்கம், கஞ்சிரா ரெண்டுலயும் மேதை. ஆனாலும் இடம் மாறி உட்கார சில வயலின் வித்வான்கள் தயங்கினாங்க. அந்த நேரத்துல அவரை விட்டுக்கொடுக்காம தன் கச்சேரிகளுக்குக் கூப்பிட்டவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இன்னொரு பக்கம் பாலக்காடு மணி ஐயர் இருந்தார். பழனிக்கு நாலு வயசு இளையவர், அதே வாத்தியத்துல இன்னொரு சிகரம். வெளியில பார்த்தா போட்டியாளர்கள். ஆனா மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பழனி பக்கத்துல கஞ்சிராவோட உட்காருவார்.

இது எனக்கு ஏன் முக்கியம்? எண்பதுகள்ல, திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கோயில் உற்சவம். எனக்கு அது மூணாவது மேடை. வயலின் வாசிக்க வந்த பெரியவர், "நான் மாற மாட்டேன், பையனை வலது கையில வாசிக்கச் சொல்லுங்க"ன்னுட்டார். அன்னிக்கு நான் மேடை ஏறல. ரவைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து என் நண்பன் வந்தான். அவனும் வயலின்தான். நான் கேட்கவே இல்லை. வந்தவுடனே வலது பக்கம் உட்கார்ந்து வில்லை எடுத்து, "நீ அந்தப் பக்கம் போடா"ன்னான். ஆறு மாசம் தினமும் அப்படியே சாதகம் பண்ணினோம். அப்புறம் எத்தனையோ கச்சேரி. அவன் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டினதில்லை.

அவன் இப்போ இல்லை. ஆனா போன மாசம் என்கிட்ட ஒரு பொண்ணு கத்துக்க வந்தா. இடது கைக்காரி. "கையை மாத்திடுவீங்களா சார்?"னு அவங்க அம்மா கேட்டாங்க.

நான் அந்தப் பழைய மிருதங்கத்தை எடுத்து, திருப்பி வச்சேன்.